டேங்கில் எதை ஊற்றுவது? உயர் ஆக்டேன் பெட்ரோலும் கலவை பாட்டில்களும்

"100 ஆக்டேன் போட்டால் வண்டி கூடுதலாக இழுக்குமா?" இந்த அத்தியாயத்தைப் புரட்டும் பலருக்கும் கேள்வி இதுதான். இன்ஜின் அதைக் கேட்கும் ரகமாக இருந்தால் இழுக்கும். இல்லாவிட்டால் செலவு மட்டும்தான் கூடும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை நண்பர் சொன்னதை வைத்தோ, பாட்டில் மேல் அச்சடித்திருப்பதை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். மூன்று டேங்க் பெட்ரோலும் ஒரு சின்ன நோட்டும் இருந்தால் நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் கார்களுக்கு. பைக்குக்கும் பெரும்பாலானவை பொருந்தும். டீசல் வண்டிக்கு எதுவுமே பொருந்தாது. டீசல் சட்டென்று தானே பற்றிக்கொள்ள வேண்டும். ஆக்டேன் பூஸ்டர் செய்யும் வேலை அதற்கு நேர் எதிர்.

## தேவையான அளவுக்கு மட்டும் கோட்பாடு

பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு முனையிலிருந்து சிலிண்டர் முழுக்க ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே பற்றி வெடித்தால், அதுதான் நாக்கிங். பெட்ரோல் அதை எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று சொல்வதே ஆக்டேன் எண்.

அந்த எண்ணுக்கும் பெட்ரோலில் உள்ள சக்திக்கும் சம்பந்தமில்லை. எத்தனாலைப் பாருங்கள்: அதன் ஆக்டேன் பெட்ரோலைவிட அதிகம், ஆனால் ஒரு லிட்டரில் கிடைக்கும் வெப்பச் சக்தி பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

அப்படியானால் 100 ஆக்டேனில் சில வண்டிகளுக்கு மட்டும் பிக்கப் கூடுவது எப்படி? இன்றைய இன்ஜின்களில் நாக் சென்சார் இருக்கிறது. தட்டும் சத்தம் தொடங்கியதுமே, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்திவிடும். இன்ஜின் தப்பிக்கும், இழுவை குறையும். உயர் ஆக்டேன் போட்டால் இசியு அப்படிப் பின்வாங்க வேண்டியதில்லை. இழந்தது திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவுதான். பின்வாங்கவே அவசியமில்லாத இன்ஜினுக்கு, திரும்பக் கிடைக்க எதுவும் இல்லை.

## பங்கில் கிடைப்பது என்ன?

சாதாரண பெட்ரோல். பிஎஸ்6 விதிப்படி குறைந்தது 91 ஆர்ஓஎன் (நம் நாட்டில் ஆக்டேனை எழுதும் கணக்கு). இப்போது நாடு முழுக்க விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் ஆக்டேன் 95 என்கிறது மத்திய அரசு.

பிரீமியம். எக்ஸ்பி95, பவர் 95, பவர் 99, ஸ்பீடு 97 போன்ற பெயர்களில் வருபவை. பெயரில் இருக்கும் எண்தான் பெரும்பாலும் ஆக்டேன். இவற்றில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் சேர்மானமும் உண்டு.

100 ஆக்டேன். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100-ஐ முதலில் 10 நகரங்களில் கொண்டுவந்தது. அடுத்த கட்டத்தில் சென்னையும் சேர்ந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் தொடங்கின. எல்லா பங்கிலும் கிடைக்காது. சாதாரண பெட்ரோலைவிட லிட்டருக்கு 50, 60 ரூபாய் கூடுதலாக இருக்கும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

> குறிப்பு: உங்கள் பங்கின் சாதாரண பெட்ரோலே இ20 என்றால், அதன் பக்கத்தில் நிற்கும் "95" பம்பில் ஆக்டேன் லாபம் கிடையாது. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் பணம் சுத்தம் செய்யும் சேர்மானத்துக்கு. ஆக்டேனுக்காகப் பணம் கொடுப்பதானால் 97-க்கு மேல் போனால்தான் அர்த்தம்.

வெளிநாட்டு எண்களில் கவனம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எல்லாம் ஆர்ஓஎன் கணக்கில்தான் எழுதுகின்றன. இலங்கையின் 92, 95-உம் மலேசியாவின் 95, 97-உம் துபாயின் 91, 95, 98-உம் நம் எண்களோடு நேரடியாக ஒப்பிடத்தக்கவை. அமெரிக்காவில் பம்பில் எழுதுவது வேறு கணக்கு: ஆர்ஓஎன்னுக்கும் இன்னொரு சோதனை எண்ணுக்கும் சராசரி. அங்கே 91 என்றால் இங்கே ஏறக்குறைய 95, 96. இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்களும் அமெரிக்க வீடியோ பார்த்து முடிவெடுப்பவர்களும் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

## முதல் வேலை: வண்டி கேட்பது என்ன?

1. பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்த ஆக்டேன், எத்தனால் எத்தனை சதவீதம் வரை என்று அங்கே இருக்கும்.
2. வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பக்கத்தைப் பாருங்கள். "குறைந்தபட்சம் 91" என்றால் அதுவே போதும். "95 பரிந்துரைக்கப்படுகிறது" என்றால் 91-இலும் ஓடும், ஆனால் முழு இழுவை 95-இல்தான். "95 கட்டாயம்" என்றால் பேரம் பேச இடமில்லை.
3. இன்ஜின் எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள்.
   - டர்போ இல்லாத, 91-க்கென்று வடிவமைத்த சாதாரணக் குடும்பக் கார்: 100 ஆக்டேனால் பெரும்பாலும் எந்த மாற்றமும் இராது.
   - டர்போ பெட்ரோல், அல்லது அதிக அழுத்த விகிதம் கொண்ட இன்ஜின்: சோதித்துப் பார்க்கலாம். குறிப்பாகக் கோடையில்.
   - ரீமேப் செய்த (இசியுவில் உள்ள மேப்பை மாற்றி எழுதிய) வண்டி: ட்யூனர் எந்த ஆக்டேனுக்கு மேப் எழுதினாரோ அதுதான் கணக்கு. அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
   - அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டி: குறைந்த அழுத்த விகிதம், நாக் சென்சார் கிடையாது. டைமிங் சரியாக இருந்தால் 100 ஆக்டேன் தேவையே இல்லை. இந்த வண்டிகளில் நீங்கள் கவலைப்பட வேண்டியது எத்தனால் பட்டு இளகும் ரப்பர் குழாய்களைப் பற்றி.

## தட்டுகிறதா என்று கண்டுபிடிப்பது

நாக்கிங் சத்தம் தகர டப்பாவில் பயறு போட்டுக் குலுக்கினாற்போல இருக்கும். ஏற்றத்தில், உயர் கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கேட்கும். காலை எடுத்ததும் நின்றுவிடும்.

1. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும். 15, 20 நிமிடம் ஓட்டினால் போதும்.
2. ஏசி போட்டு, இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்காடு அல்லது வால்பாறை ஏற்றம் இதற்கு ஏற்றது. ஊருக்குள் என்றால் நீண்ட மேம்பாலம்.
3. பாட்டை நிறுத்துங்கள். சாலையோரம் சுவர் இருக்கும் பக்கத்துக் கண்ணாடியை இறக்குங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் தெளிவாகக் கேட்கும்.
4. மூன்றாவது கியரில், 2,000 ஆர்பிஎம் வாக்கில் ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு அழுத்தி மூன்று நான்கு வினாடி மட்டும் வைத்திருங்கள்.
5. சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள். மறுபடி மறுபடி சோதித்து ரசிக்க வேண்டாம். பிஸ்டனுக்கு அடி அப்படித்தான் விழுகிறது.

நாக் சென்சார் உள்ள வண்டியில் காதுக்கு எதுவும் எட்டாமலே இசியு டைமிங்கைக் குறைத்திருக்கலாம். அதைப் பார்க்க ஓபிடி ரீடர் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போன் செயலியோடு ப்ளூடூத்தில் இணைக்கும் சின்னக் கருவிதான். அதில் நான்கு எண்களைத் திரையில் வையுங்கள்: இக்னிஷன் டைமிங், ஆர்பிஎம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், நீண்டகால எரிபொருள் திருத்தம்.

> எச்சரிக்கை: போனைப் பார்ப்பதும் பதிவதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும்.

## பெட்ரோலைக் குறை சொல்லும் முன்

தட்டினாலே ஆக்டேன் போதவில்லை என்று அர்த்தமில்லை. கீழே உள்ளவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். எல்லாமே 100 ஆக்டேனைவிட மலிவு.

1. ஓட்டும் முறை. ஐந்தாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் ஏற்றம் ஏறினால் எந்த இன்ஜினும் தட்டும். ஒரு கியர் இறக்குங்கள்.
2. கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன். சூடான இன்ஜின் அதிக ஆக்டேன் கேட்கும். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கூலன்டைப் பார்க்க ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.
3. ஸ்பார்க் பிளக். கழற்றி முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் ஆயில் ஏறுகிறது. செந்நிறப் பொடி படிந்திருந்தால் யாரோ ஏற்கனவே பூஸ்டர் ஊற்றியிருக்கிறார்கள்.
4. எரிபொருள் திருத்த எண். நீண்டகாலத் திருத்தம் பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. காற்று கசிவு, அடைத்த இன்ஜெக்டர், பலவீனமான பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.
5. கலப்படம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரிந்துவிடும். பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய வேண்டும். எண்ணெய்க் கறை நின்றால் அந்த பங்கை விட்டுவிடுங்கள்.

டர்போ நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இன்னொரு தொல்லை உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று ஒரு பலத்த அடி, பொறி தட்டுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. இதற்கு 100 ஆக்டேன் நம்பகமான மருந்தல்ல. எபிஐ எஸ்பி தரத்து ஆயில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தத் தரம் இந்தத் தொல்லையையும் கணக்கில் கொண்டு எழுதப்பட்டது.

## படிப்படியாக: 100 ஆக்டேனைச் சோதிப்பது

சாதாரணம், 100, மறுபடி சாதாரணம் என்று மூன்று டேங்க் ஓட்ட வேண்டும். மூன்றாவது டேங்கை விட்டுவிட்டால் சோதனைக்கு மதிப்பில்லை. வானிலை, டிராஃபிக், மனசு எல்லாம் சேர்ந்து ஏமாற்றும்.

1. டயர் காற்றைக் கையேட்டு அளவுக்கு வையுங்கள். மூன்று டேங்குக்கும் அதே அளவு.
2. சாதாரண பெட்ரோலை ஒரே பங்கில், முதல் ஆட்டோ கட்-ஆஃப் வரை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.
3. வழக்கமான ஓட்டத்தில் பாதி டேங்க் தீர்ந்ததும், ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், ஒரே ஆர்பிஎம்மில் இக்னிஷன் டைமிங்கைப் பதியுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். காற்று வெப்பத்தையும் குறியுங்கள்.
4. எச்சரிக்கை விளக்கு எரியும்வரை ஓட்டுங்கள். அதற்கு மேல் காலியாக விடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.
5. 100 ஆக்டேன் முழு டேங்க் நிரப்புங்கள். முதல் 100, 150 கிலோமீட்டரை இசியு கற்றுக்கொள்ள விட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டரை ஒரே நிதானத்தில் வைத்து ஓட்டுவதோடு, அவ்வப்போது கொஞ்சம் அழுத்தியும் ஓட்டுங்கள்.
6. அதே ஏற்றம், அதே கியர், ஏறக்குறைய அதே வேளை. டைமிங்கைப் பதியுங்கள்.
7. மறுபடி சாதாரணம். மறுபடி அதே பதிவு.

முடிவைப் படிப்பது: 100 ஆக்டேனில் டைமிங் எண் தெளிவாகக் கூடி, மூன்றாவது டேங்கில் பழையபடி இறங்கினால் உங்கள் இன்ஜின் அதைக் கேட்கிறது. மூன்றிலும் ஒரே எண் என்றால் கேட்கவில்லை. மைலேஜை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எத்தனால் குறைந்த பெட்ரோல் போட்டால் ஆக்டேனுக்குச் சம்பந்தமில்லாமலே மைலேஜ் கொஞ்சம் கூடும்.

## கலந்து போடுவதற்கான கணக்கு

முழு டேங்கும் 100 போட வேண்டும் என்பதில்லை. ஈயமில்லாத பங்க் பெட்ரோல்களைத் தாராளமாகக் கலக்கலாம். ஆக்டேன் ஏறக்குறைய அளவுக்கேற்ற சராசரியாக வரும்.

- 95 ஆக்டேன் 30 லிட்டர் + 100 ஆக்டேன் 10 லிட்டர் = சுமார் 96.2
- 95 ஆக்டேன் 20 லிட்டர் + 100 ஆக்டேன் 20 லிட்டர் = சுமார் 97.5
- 91 ஆக்டேன் 20 லிட்டர் + 100 ஆக்டேன் 20 லிட்டர் = சுமார் 95.5

கையேடு 97 கேட்கும் டர்போ வண்டிக்கு 95-உம் 100-உம் பாதிக்குப் பாதி போதும். ஆனால் 100-க்கு ரீமேப் செய்த வண்டியில் இந்தச் சிக்கனம் வேண்டாம். வெளியூரில் 100 கிடைக்காமல் சாதாரணம் போட நேர்ந்தால், வீடு வரும்வரை டர்போ அழுத்தம் ஏறாதபடி ஆக்சிலரேட்டரைப் பாதிக்குக் கீழேயே வைத்திருங்கள். ட்யூனர் இரண்டாவது மேப் கொடுத்திருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

## பாட்டில்கள்: எது எதற்கு?

கடையில் அடுக்கியிருப்பவை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். லேபிளின் பின்பக்கத்தைப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

ஆக்டேன் பூஸ்டர். "5 பாயின்ட் உயர்த்தும்" என்று முன்பக்கம் எழுதியிருக்கும். இந்த வணிகத்தில் 1 பாயின்ட் என்பது பெரும்பாலும் 0.1 ஆக்டேன். ஆகவே 5 பாயின்ட் என்றால் 91, 91.5 ஆகும், 96 ஆகாது. ஒரு பாட்டில் எத்தனை லிட்டருக்கு என்பதையும் பார்த்துவிட்டு, அதே பணத்துக்கு எத்தனை லிட்டர் 100 ஆக்டேன் கலக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். 100 கிடைக்கும் ஊரில் பாட்டில் ஜெயிப்பது அரிது.

உள்ளே இருப்பது எது என்பதும் முக்கியம். மாங்கனீசு கொண்ட எம்எம்டி பிளக்கிலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் ஆரஞ்சு கலந்த பழுப்புப் படிவை விடும். இரும்பு கொண்ட ஃபெரோசீன் பிளக்கில் செந்நிறமாகப் படிந்து பொறியையே பலவீனமாக்கிவிடும். இந்த இரண்டு பெயரில் எது இருந்தாலும் தினசரி ஓட்டும் பிஎஸ்6 வண்டிக்கு வேண்டாம்.

இன்ஜெக்டர் கிளீனர். பாட்டில்களில் காசுக்கு வேலை செய்வது இதுதான். பிஇஏ எனப்படும் பாலிஈதர்அமீன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போடும் முறை:

1. ஆயில் மாற்ற வேண்டிய தேதிக்குச் சற்று முன்பு வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த அழுக்கில் கொஞ்சம் ஆயிலுக்கும் போகும்.
2. டேங்க் ஏறக்குறையக் காலியாக இருக்கும்போது முதலில் பாட்டிலை ஊற்றுங்கள். பிறகு லேபிளில் சொன்ன அளவு பெட்ரோல். இப்படிச் செய்தால் நன்றாகக் கலக்கும்.
3. அந்த டேங்கை நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.
4. பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

இரண்டு பாட்டில் ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகாது. நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், இன்டேக் வால்வின் முதுகில் படியும் கரியை எந்த டேங்க் கிளீனரும் தொடாது. அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

தண்ணீர் நீக்கி. டேங்கில் துளி ஈரம் இருந்தால் இ20-இல் உள்ள எத்தனாலே அதை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டி, மாதக்கணக்கில் ஓடாத வண்டி திணறினால் பாட்டில் தேடாதீர்கள். டேங்கை வடித்துவிட்டுப் புது பெட்ரோல் போடுங்கள்.

ஈயத்துக்கு மாற்று. பழைய கால வால்வு சீட் உள்ள விண்டேஜ் வண்டிகளுக்கு மட்டும். கடினப்படுத்திய சீட் பொருத்தியிருந்தால் அதுவும் வேண்டாம்.

வீட்டு வைத்தியங்கள். அந்துருண்டை, கற்பூரம், தின்னர், 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் எதையும் டேங்கில் போடாதீர்கள். அந்துருண்டை பெட்ரோலில் கரையும். பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் மறுபடி படிகமாகி ஜெட்டையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். 2டி ஆயில் ஆக்டேனைக் குறைத்துப் புகையைக் கூட்டும். தின்னரில் உள்ள அசிட்டோன் போன்றவை ரப்பர் சீல்களைத் தின்னும். "ஃபார்முலா ஒன்னில் டாலுயீன் போட்டார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1988 மெக்லாரன் காரில் இருந்த ஹோண்டா டர்போ இன்ஜின் 84 சதவீத டாலுயீன் கலந்த எரிபொருளில் ஓடியது. அது எளிதில் ஆவியாகாது என்பதால் எரிபொருளைச் சூடாக்கி அனுப்பும் ஏற்பாடும் அதில் இருந்தது. உங்கள் காரில் அது இல்லை.

## உண்மையான பந்தய எரிபொருள்

டின்னில் வரும் பந்தய எரிபொருள் கையில் கிடைத்தால், ஆக்டேன் எண்ணைப் பார்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி: ஈயம் இருக்கிறதா?

ஈயம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஆக்சிஜன் சென்சாரும் கெடும். திரும்பிச் சரிசெய்ய வழியில்லை, மாற்ற வேண்டியதுதான். ஒரே நிறுவனத்தின் டின்களே வேறுபடும். அமெரிக்காவின் சுனோகோ விற்கும் 260 ஜிடி ஈயமில்லாதது. அதே நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் 110 ஈயம் கலந்தது. எண் பெரிது என்று இரண்டாவதை எடுத்தால் கன்வெர்ட்டர் போச்சு.

சின்ன விமானங்களுக்கான 100 எல்எல் பெட்ரோலும் இந்த வகைதான், லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஈய நஞ்சு உங்கள் வீட்டுக் குழந்தையின் மூளைக்குப் போகும் விஷயம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே ஈய பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது சும்மா இல்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியவை:

- மெத்தனால் இருக்கிறதா? அலுமினியத்தையும் ரப்பரையும் அரிக்கும். சாலை வண்டிக்கு வேண்டாம்.
- நைட்ரோமீத்தேன் இருக்கிறதா? தொடவே வேண்டாம்.
- ஆக்சிஜன் கலந்த வகையா? அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் தேவைப்படும். மேப் மாற்றாமல் ஊற்றினால் கலவை வறண்டு இன்ஜின் சூடேறும்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை காரி தடத்திலோ ட்ராக் டேவுக்குப் போகிறீர்களா? சாலை வண்டிக்கு பங்கின் 100 ஆக்டேன் போதும். தடத்துக்கு வரும் வழியில் நிரப்புங்கள். தொடர்ந்து நான்கைந்து சுற்று முழு வேகத்தில் ஓட்டும்போது உள்ளே போகும் காற்று சூடேறிக்கொண்டே போகும். உயர் ஆக்டேன் உண்மையாகவே கைகொடுப்பது அங்கேதான். அதற்காகக் குளிர்விக்கும் சுற்றை விட்டுவிட வேண்டாம். திரும்பும்போது மிச்சமிருப்பதோடு சாதாரணம் கலந்து ஓட்டலாம்.

## பாதுகாப்பு

1. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து தள்ளியுள்ள பூஜையறை விளக்கு வரை, கேஸ் அடுப்பு வரை போகும். வீட்டுக்குள் கலக்காதீர்கள், திறந்தவெளியில் மட்டும்.
2. பெட்ரோலுக்கென்றே செய்த கேன் வேண்டும். கேனை டிக்கிக்குள் வைத்தபடி நிரப்பாதீர்கள். தரையில் இறக்கி வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறிக்கு வாய்ப்பு குறைவு.
3. தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டில் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள்.
4. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கில்லாமல் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோலின் உச்ச அளவு 30 லிட்டர். 200 லிட்டர் பேரல் வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைக்கும் யோசனை இருந்தால் இங்கேயே கைவிடுங்கள்.
5. நைட்ரைல் கையுறை போடுங்கள். பூஸ்டர்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும். பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
6. உலர் பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.
7. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- "செக் இன்ஜின்" விளக்கு எரிந்ததும் பாட்டில் ஊற்றுவது. முதலில் ஸ்கேன் செய்து பிழைக் குறியீட்டைப் படியுங்கள்.
- 100 போட்ட அரை மணியில் "பிக்கப் வந்துவிட்டது" என்று முடிவு செய்வது. பழைய பெட்ரோலே இன்னும் லைனில் இருக்கும்.
- பூஸ்டர், கிளீனர், தண்ணீர் நீக்கி மூன்றையும் ஒரே டேங்கில் கொட்டுவது. பிரச்சினை வந்தால் எதனால் என்றே தெரியாது.
- 100 ஆக்டேன் ஏற்றிவிட்டு, கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, புகைச் சான்றிதழுக்குப் போய் நிற்பது.
- வாரண்டியில் உள்ள வண்டியில் கையேடு தடுக்கும் கலவையை ஊற்றுவது. படிவு பிளக்கிலேயே சாட்சி சொல்லிவிடும்.

## முடிவெடுக்கும் முன் கடைசிக் கணக்கு

வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 800 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 60 ரூபாய் கூடுதல் என்று வைத்தால் வருடத்துக்கு 48,000 ரூபாய்.

- மூன்று டேங்க் சோதனையில் டைமிங் எண் மாறவில்லை: சாதாரணமே போடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை பிளக், ஏர் ஃபில்டர், கூலன்ட், நல்ல ஆயில் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள்.
- எண் கொஞ்சம் மாறியது: மலைப்பயணத்துக்கும் கோடைக்கும் மட்டும் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள்.
- எண் தெளிவாக மாறியது, அல்லது வண்டி ரீமேப் ஆனது: 100-ஐத் தொடருங்கள். 100 கிடைக்கும் பங்குகளின் பட்டியலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.